அம்மம்மாவுக்கு அங்கே என்ன சோறு வாங்கிக் குடுக்கிறது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

அம்மம்மா சிங்கப்பூரில் வந்து நிற்கிற மூன்று கிழமையும் நீ வேலையால் வந்து அடுப்படியில் நிற்கத் தேவையில்லை. கீழே இருக்கிற உணவங்காடியிலேயே அவவுக்கு ஏற்ற சாப்பாட்டைச் சில டொலருக்கு வாங்கலாம். ஆனால் கடைப் பலகையில் இருக்கிற படத்தைப் பார்த்து வாங்காதே. பருக்கையைப் பார்த்து வாங்கு.

கஞ்சிதான் முதல் தெரிவு. அங்கே சீனக் கடைகளில் இரண்டு வகை விற்பார்கள். தியோச்சியூ கஞ்சியில் பருக்கை உடையாமல் தண்ணிக்குள் கிடக்கும், நம்முடைய பழஞ்சோற்றுத் தண்ணி மாதிரி. கன்டோனீஸ் கஞ்சியை அரிசி கரைந்து கூழாகும்வரை காய்ச்சுவார்கள். அம்மம்மாவுக்குத் தேத்தண்ணி குடிக்கும்போதே புரைக்கேறுது. அப்படியான ஆளுக்குத் தண்ணியும் பருக்கையும் ஒன்றாக வாய்க்குள் போகக் கூடாது. பருக்கையைச் சப்பி முடிய முதல் தண்ணி தொண்டைக்கு ஓடிவிடும், இருமல் அதில்தான் வரும். ஆகவே கன்டோனீஸ் கஞ்சியையே கேள். கரண்டியைச் சரித்தால் ஓடாமல் வழுகி விழ வேணும், அதுதான் பதம். மேலே போடும் பொரித்த மாத்துண்டு மேல்வாயில் குத்தும், வேண்டாம் என்று சொல்லு. பச்சை முட்டையை உடைத்து விடுகிற கடையும் உண்டு, அவவுக்கு நன்றாக அவிந்த முட்டைதான். பல கடைக் கஞ்சியில் கொத்திய பன்றி இறைச்சி இருக்கும், அதனால் மீன் கஞ்சி என்று தெளிவாகக் கேட்டு வாங்கு. மேல் ஆறினாலும் அடி கொதித்துக்கொண்டு இருக்கும், அடியோடு கிளறிப் பத்து நிமிடம் வை.

கஞ்சியில் ஒரு குறையும் உண்டு. கரைந்த அரிசி சீனியைக் கெதியாக ஏற்றும், பசியும் கெதியாக வரும். வெறும் கஞ்சி குடுக்காதே. மீனோ முட்டையோ சேர வேணும்.

கோழிச்சோறு அவவுக்குப் பிடிக்கும். கோழி அவித்த தண்ணியில் இஞ்சி, உள்ளி, ரம்பை போட்டு ஆக்கிற சோறு, வாசமே இழுக்கும். ஆனால் அரிசியைக் கோழிக் கொழுப்பில் பிரட்டி ஆக்குவதால் பருக்கை உதிரியாக நிற்கும், கட்டுப்பல்லுக்குக் கீழே போய் ஒட்டும். ஆறினால் எந்தச் சோறும் விறைக்கும், பின்னேரச் சோறு அதனால்தான் சரிவராது. காலை பதினொன்றுக்கே போ, வரிசையும் இருக்காது. பொரித்ததோ வாட்டியதோ இல்லை, அவித்த கோழி. நெஞ்சுத் துண்டு நார் நாராக வரும், தொடையை எலும்பு நீக்கித் தரச் சொல்லு. கத்தியால் கொத்தும்போது தெறிக்கிற சின்ன எலும்புதான் எனக்குப் பயம், எலும்பு நீக்கியது என்றாலும் விரலால் ஒருக்காத் தடவிப் பார். தோலை எடுத்துவிட்டு, நாருக்குக் குறுக்கே நகத்தளவு துண்டாக வெட்டு. கோழிக்கு மேல் ஊற்றுகிற சோயா சோஸ் முழுக்க உப்பு, அவவுக்குப் பிரஷரும் இருக்கு, தனியாக வாங்கி மேசையிலேயே விடு. கூட வரும் சூப்பிலும் உப்புத்தான். சோற்றை நனைக்க நாலு கரண்டி போதும்.

கறி தெரிந்தெடுக்கிற கலவைச் சோற்றுக் கடையில் காசும் மிச்சம், தெரிவும் கூட. ஆவியில் அவித்த முட்டை, டோஃபு, குழைய வேகவைத்த கோவா, இந்த மூன்றும் போதும். முட்டையிலும் டோஃபுவிலும் இறைச்சி கலந்திருக்கா என்று கேள். கங்குன் கீரைத் தண்டு நார், வேண்டாம். சோறு பாதி என்று முதலே சொல்லிவிடு, போட்ட பிறகு குறைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிக் கடையில் இறைச்சி மாதிரிச் செய்து வைப்பதை வாங்காதே, அனேகமாக மாப்பசையால் செய்தது, சவ்வு மாதிரி இழுபடும்.

மீன் சூப்பும் சோறும் வாங்கினால் இரண்டையும் கலக்காதே. சூப்பில் போடும் பாத்தாங் மீன் நம்முடைய அறக்குளா இனம்தான், மணம் அவவுக்குப் பழக்கமானது. மீனை எடுத்துச் சோற்றோடு மசித்துக் குடு.

பிரியாணி, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு இரண்டையும் விடு. ஒன்றில் கிராம்பும் ஏலக்காயும் கடிபடும், மற்றதில் பொரித்த நெத்தலியும் கச்சானும்.

சாப்பாட்டோடு போடுகிற சீனி வருத்தக் குளிசையைச் சாப்பாட்டுக் கோப்பை மேசைக்கு வந்த பிறகுதான் குடு. போட்டுவிட்டு வரிசையில் நின்றால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். அங்கத்தைய வட்ட இருக்கைகளுக்குச் சாய்மானம் இல்லை, சுவரோரமாக இருத்து. நிமிர்ந்து இருந்து, நாடியைக் கொஞ்சம் கீழே பணித்து விழுங்கச் சொல்லு. சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் படுக்க விடாதே.

சீனக் கரண்டி ஆழம், ஒரு வாய்க்குக் கூடுதலாக அள்ளும். அவவுடைய சின்னத் தேக்கரண்டியைக் கைப்பையின் பக்க உறையில் வைத்து விடுகிறேன், ஒவ்வொரு முறையும் அதையே எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா