மூன்று கடவுளர் அல்லர், ஒரே கடவுள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் ஆன்மிக இணைப்பில் வந்த எண்கணித ஜோதிடக் கட்டுரையில், மூன்று என்பது குரு கிரகத்தின் எண், அதனால்தான் கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளரை வணங்குகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டார். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக வந்து, “டீச்சர், உங்க மூணு சாமியில எந்தச் சாமி பெரிசு?” என்று கேட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரமும் தீபாவளிப் பலகாரமும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. பேப்பரில் போட்டிருந்தது, நம்பிவிட்டார். அவ்வளவுதான்.

கடவுள் ஒருவரே என்பது எங்களுக்கு முதல் பாடம். விவிலியத்தின் இணைச்சட்ட நூல் ஆறாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. எது முதன்மையான கட்டளை என்று கேட்டபோது இயேசுவும் அதையேதான் எடுத்துச் சொன்னார். தந்தை, மகன், தூய ஆவியார் என்று மூவராய் இருப்பவர் அந்த ஒரே கடவுள். மகன் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்ற பாதிரியார் சொன்னதற்குப் பதில் சொல்ல 325-இல் நிசேயா நகரில் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடினார்கள். தூய ஆவியாரைப் பற்றிய விசுவாசத்தை 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் விரித்துச் சொன்னார்கள். மூன்று கடவுள் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் காலத்து ஆயர் நிசா நகர் கிரகோரியார் தனியாக ஒரு நூல் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகிற எண்ணிக்கை கடவுளுக்குப் பொருந்தாது என்றார் அவருடைய அண்ணன் பசிலியார். ‘மூன்று ஆட்கள்’ என்று நாம் சொல்வது கடவுளை விளக்கிவிட்டோம் என்பதற்காக அல்ல, பேசாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தினார் எழுதினார். அத்தனை பெரியவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன இடம் இது. தங்கள் இணைப்பில் அரை வரியில் முடிந்துவிட்டது.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களை ஒரு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) நடக்கும்போது முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன். சாமியார் தந்தை பெயரைச் சொல்லி ஒரு தடவை குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவார். மகன் பெயரைச் சொல்லி ஒரு தடவை, தூய ஆவியாரின் பெயரைச் சொல்லி இன்னொரு தடவை. குழந்தை வீறிட்டு அழும், தாய் துண்டால் தலையைத் துவட்டுவாள். ஊற்றியது மூன்று முறை, பெற்ற திருமுழுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு அது புரிகிறது.

எழுத உட்கார்ந்ததும் பழைய வருத்தங்களும் சேர்ந்துகொள்கின்றன, பொறுத்தருள வேண்டும். பதிமூன்று கிறிஸ்தவர்களுக்கு ஆகாத எண் என்று முன்பு ஒருமுறை போட்டிருந்தீர்கள். ஜூன் 13 புனித அந்தோனியார் திருவிழா. அன்று எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கூட்டத்தைப் பாருங்கள். போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமா ஊரில் அன்னை மரியா முதலில் காட்சி தந்தது 1917 மே 13. எங்களுக்கா ஆகாத நாள்? அப்புறம் விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் கொடிய விலங்கின் எண்ணாக வரும் 666. அதை வைத்து அரைப் பக்கத்துக்குப் பயமுறுத்தியிருந்தீர்கள். அந்த எண்ணை வைத்து ஆள் பெயரைத் தேடி அலையாதீர்கள் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆயர் இரனேயு எச்சரித்துவிட்டார். சில பிரதிகளில் 616 என்று இருப்பதும் அவருக்குத் தெரியும். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாளுக்கு ‘புனித வெள்ளி நல்வாழ்த்துகள்’ என்று முதல் பக்கத்தில் போட்டதற்கும் கடிதம் எழுதினேன். அதுவும் வெளிவரவில்லை.

விவிலியத்தில் எண்களுக்குப் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது. திருவெளிப்பாட்டின் முதல் அதிகாரம் கடவுளின் அரியணைமுன் ஏழு ஆவிகள் என்கிறது. ஏழு நிறைவின் அடையாளம். கட்டுரையாளர் வழியில் எண்ணினால் தந்தையும் மகனும் ஏழு ஆவிகளும் சேர்த்து ஒன்பது கடவுள் என்றல்லவா ஆகும்? யோவான் நற்செய்தியில் சீடர்கள் வலையில் 153 மீன்கள் விழுந்தன. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டிப் பாருங்கள், 153 வரும். பத்துக் கட்டளைகளும் தூய ஆவியாரின் ஏழு கொடைகளும் சேர்ந்ததே பதினேழு என்று அகுஸ்தினார் விளக்கம் சொன்னார். சட்டமும் அருளும் சேர்ந்து மனிதரை மீட்கிற கதையை அவர் அந்த மீன்களில் கண்டார். எந்தத் தேதியில் கடை திறக்கலாம், வண்டிக்கு எந்த நம்பர் வாங்கலாம் என்று அவர் தேடவில்லை. எங்கள் எண்கள் கடவுள் செய்ததை நினைவூட்ட வந்தவை. அவற்றுக்கு அதிர்ஷ்டம் கிடையாது, கிரகமும் கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிறிஸ்தவர்கள் வணங்குவது ஒரே கடவுளை என்று அதே இணைப்பில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். இனி எங்கள் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அச்சுக்குப் போகும் முன் பக்கத்தில் உள்ள ஒரு பங்குத்தந்தையிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தம் வருகிற ஞாயிறே வந்தால் நல்லது. பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, மறைக்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல்.