அரையாண்டு விடைத்தாள் கொடுத்த வாரம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி,
திருப்பூர் மாவட்டம்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். தேனி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போன பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேரைத் தவிர வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்து முடித்துவிட்டோம். மதிப்பெண் விவரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதைப் பற்றி வகுப்பாசிரியர்கள் பேசுவார்கள். விடைத்தாள் கொடுத்த வாரத்தில் நான் கேட்ட ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மதிய இடைவேளையில் கை கழுவும் குழாய்ப் பக்கம் ஒரு சுற்று போய் வருவது என் வழக்கம். அன்று வேப்பமரத்துக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது, மூடியைத் திறக்கவே இல்லை. கண் சிவந்திருந்தது. கணக்கில் 31 வாங்கியிருந்தாள், தேர்ச்சிக்கு 35 வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "அழுகை வந்தா அழுதுடு கண்ணு, இங்க யாரும் இல்ல" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "எங்கம்மா ஒன்றரை ஷிப்ட் பாக்கறாங்க மிஸ். அவங்களே அழுகறதில்ல. நான் அழுதா நியாயமே இல்லீங்க மிஸ்."

அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டரை. ஆர்டர் அவசரம் என்றால் அதற்கு மேலும் ஆகும். அந்த அம்மா துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டைலர். நான் கூப்பிட்டு அனுப்பியபோது அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஓடி வந்தார். தலைமுடியில் துணிப் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் நுனியில்தான் உட்கார்ந்தார். "நாங்க ஒரு நாளும் திட்டுனதில்லீங்க டீச்சர். உனக்காகத்தான் சாமி இந்தப் பாடு படறோம்னு மட்டும்தான் சொல்லுவோம்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தாயின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வாக்கியம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என் வீட்டிலும் இருந்தது. என் மகன் பிளஸ் டூ படித்தபோது, "உன் வயசுல நான் சிம்னி விளக்குல படிச்சேன், உனக்கு எல்லாம் இருக்கு, அப்புறம் என்ன முகத்தைத் தூக்கி வெச்சுக்கறே?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அந்த வருடம் முழுக்கவே அவன் மனதில் இருப்பது எதையும் என்னிடம் சொல்லவில்லை. ஆசிரியராக இருபது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். என் பிள்ளை ஏன் பேச்சை நிறுத்தினான் என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை.

நன்றி என்ற சொல்லோடு கடனைச் சேர்த்து நன்றிக்கடன் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்போது அந்தச் சொல்லில் ஒரு கௌரவம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் அதை வைத்தால் அது உண்மையிலேயே கடனாகிவிடுகிறது. பெற்றவர்கள் இவ்வளவு பாடுபடும்போது எனக்குக் கவலை வரலாமா, பயம் வரலாமா, ஒரு பாடம் புரியவில்லை என்று சொல்லலாமா என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறது. கடன் கொடுத்தவன் எதிரே வந்தால் தெரு மாறிப் போவதுபோல, நல்ல பிள்ளைகள் நம் கண்ணில் படாமல் அழப் பழகிவிடுகிறார்கள். அடம் பிடிக்கிற பிள்ளையை நாம் கவனித்துவிடுவோம். நமக்காகப் பாவப்பட்டு வாயை மூடிக்கொள்கிற பிள்ளையைத்தான் தவறவிடுகிறோம். எனக்கு இப்போது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை.

அந்த மாணவியிடம் "இப்ப மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "கடுப்பா இருக்கு மிஸ்" என்றாள். இந்தக் கடுப்பு என்ற ஒரு சொல் எங்கள் பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. தோழி பேசாவிட்டாலும் கடுப்பு, மார்க் குறைந்தாலும் கடுப்பு, அப்பா குடித்துவிட்டு வந்தாலும் கடுப்பு. இன்னும் கொஞ்சம் விட்டால் டென்ஷன், அவ்வளவுதான். நான் மெதுவாகக் கேட்டேன்: கடுப்பா, இல்லை ஆதங்கமா? அவமானமா? அம்மா முகத்தைப் பார்க்கப் பயமா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சங்கடமா இருக்குங்க மிஸ். அம்மாவுக்குக் குடுக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதாள். அப்புறம் டிபன் பாக்ஸைத் திறந்து ஆறிப்போன தக்காளி சாதத்தைச் சாப்பிட்டாள்.

மனதில் இருப்பதற்குப் பெயர் வைத்தால் அதன் வேகம் குறைகிறது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2007இல் இதை மூளை ஸ்கேன் எடுத்தே பார்த்தார்கள். கோபமோ பயமோ தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சி என்னவென்று சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது. நம் மொழியில் இதற்குச் சொற்கள் ஏராளம். ஏக்கம், மனத்தாங்கல், கூச்சம், பொறாமை, வெறுமை, தவிப்பு, உறுத்தல், ஆற்றாமை. தமிழாசிரியை இவற்றைப் பெரிய அட்டையில் எழுதி ஒன்பது, பத்தாம் வகுப்பு அறைகளில் மாட்டியிருக்கிறார். காலை வருகைப் பதிவின்போது விருப்பமுள்ளவர்கள் ஒரு சொல்லைச் சொல்லலாம். சொல்லாதவர்களைக் கேட்பதில்லை. வீட்டிலும் பிள்ளை "கடுப்பா இருக்கு" என்றால், "வாயைப் பாரு" என்று அதட்டாமல், "எந்த மாதிரி கடுப்பு சாமி?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு நன்றி உணர்வே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயம் வேண்டும். போன ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு சிறிய பழக்கம் வைத்திருக்கிறோம். அந்த வாரத்தில் தனக்குக் கிடைத்த நல்லது மூன்றை ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், நோட்டை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டோம். முதல் வாரம் விருப்பப்பட்டவர்களை வாசிக்கச் சொன்னோம். எல்லாம் ஒரே மாதிரி, கட்டுரை நோட்டில் வருகிற வாக்கியங்கள். என்னைப் பெற்று வளர்த்த அன்னை தந்தையருக்கு நன்றி, அறிவூட்டும் ஆசிரியர்களுக்கு நன்றி. அடுத்த வாரம் தமிழாசிரியை, "நன்றிங்கற வார்த்தையே வேண்டாம், கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றார். எழுத்து மாறிவிட்டது. "ராத்திரி கரண்ட் போனப்போ அண்ணன் பேக்கிங் அட்டையால எனக்கு விசிறினான், அவனுக்கும் வேர்த்துச்சு." "மேல் வீட்டு அக்கா மோட்டார் போட்டப்போ எங்க குடத்தையும் ரொப்பி வெச்சாங்க." "அப்பா சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்து கணக்குப் பாக்கறப்போ என்னையும் பக்கத்துல உட்கார வெச்சாரு." இவற்றை வாசித்த பிள்ளைகளின் குரலில் பாரம் இல்லை. தனக்கு ஆள் இருக்கிறார்கள் என்ற தெம்பு இருந்தது.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் பத்து வாரம், வாரத்துக்கு ஒரு முறை, தாங்கள் நன்றியோடு நினைக்கும் விஷயங்களை, ஐந்து வரை, எழுதினார்கள். தொந்தரவுகளை மட்டும் எழுதியவர்களைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள், வரும் வாரத்தை நம்பிக்கையோடு எதிர்பார்த்தார்கள். இதை நான் மருந்து என்று சொல்ல மாட்டேன். மனம் நொந்திருக்கும் பிள்ளையிடம் போய் "உனக்குக் கிடைச்ச நல்லதை எண்ணிப் பாரு" என்றால் அது வெந்த புண்ணில் வேல். முதலில் அழுகைக்கு இடம் கொடுங்கள். நல்லதை எண்ணுவது மனம் ஆறிய வேறொரு நாளில் நடக்கட்டும்.

நீங்கள் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிறது. சமையல், துவைக்கிற துணி, மறுநாள் தண்ணீர் என்று எல்லாம் காத்திருக்கும். இதில் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் எங்கே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பத்து நிமிடம் போதும். எதிரெதிரே உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. துணி மடிக்கும்போது, பாத்திரம் விளக்கும்போது, வாசலில் நிற்கும் வண்டியைத் துடைக்கும்போது, கை வேலையில் இருக்கையில்தான் இந்த வயதுப் பிள்ளைகள் பேசுவார்கள். முகத்தைப் பார்த்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். முதல் கேள்வியாக மார்க்கைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்பதைக்கூட இரண்டாவதாக வையுங்கள். பேச ஆரம்பித்தால், முடியும்வரை புத்தி சொல்ல வேண்டாம். நமக்கு இதுதான் கஷ்டம். எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மனது சரியில்லாத நாள் வரும். அன்றைக்குப் பிள்ளையிடம் அதை மறைக்க வேண்டாம். "இன்னைக்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டாரு, எனக்குச் சங்கடமா இருக்கு, கொஞ்ச நேரம் வாசல்ல உக்காந்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள். கால் மணி நேரத்தில் நீங்கள் எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். நான் மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேசினாலும் அதற்கு ஈடாகாது. அந்த ஓவர்லாக் டைலர் அம்மா ஒரு நாளும் மகள் எதிரில் அழுததில்லை. மகளுக்குத் தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாராம். மகள் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டதும் அதே மாதிரிதான்.

சில அறிகுறிகளைக் கண்டால் பத்து நிமிடப் பேச்சு போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, நண்பர்களை அறவே தவிர்ப்பது, ஆசையாக வைத்திருந்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, கையில் புதிய கீறல்கள், "நான் இல்லேன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது மாதிரியான பேச்சு. இதில் எதைக் கண்டாலும் திட்டாதீர்கள், பயமுறுத்திச் சத்தியம் வாங்காதீர்கள். "செத்துப் போகலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். பிள்ளையைத் தனியே விடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை. 104 தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 முதல் நடக்கிறது. இரண்டிலும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ யாராவது தொல்லை கொடுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல மருத்துவரைப் பார்ப்பது காய்ச்சலுக்கு ஊசி போடப் போவது மாதிரிதான். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று நாளைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கடத்தாதீர்கள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. தூக்கத்தைக் கெடுத்துப் படிக்கவைக்க வேண்டாம், இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நம் அரசே 2017இல் நிறுத்திவிட்டது. தெருவிலும் அதை நிறுத்தலாம். ஒரு பாடம் போனாலும் துணைத் தேர்வு இருக்கிறது, அதே ஆண்டே மேல் வகுப்பில் சேரலாம். இதை முடிவு வந்த பிறகு ஆறுதலாகச் சொல்லாமல், இப்போதே, பிள்ளை சாதாரணமாக இருக்கும் ஒரு நாளில் சொல்லிவையுங்கள்.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து 1 மணிவரை நானும் வகுப்பாசிரியர்களும் பள்ளியில் இருப்போம். வேலை நாளில் வந்தால் உங்களுக்குக் கூலி போகும் என்பதால் ஞாயிறு. பிள்ளையைக் கூட்டி வர வேண்டிய அவசியமில்லை. உங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல மட்டும் வந்தாலும் சரி. டீ இருக்கும். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுவைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்