டீச்சர் என்னோடு பேசவில்லை

மியூனிக்,
பிப்ரவரி 4

அம்மா,

போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே கவின் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். அரையாண்டில் எத்தனையாவது ரேங்க் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார் இல்லையா, ரேங்க்கும் இல்லை மார்க்கும் இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு இங்கே மார்க்கே போடுவதில்லை. எங்கள் பவேரியா மாநிலத்தில் பல பள்ளிகளில் அரையாண்டு ரிப்போர்ட்டுக்குப் பதிலாக டீச்சரும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். போன வாரம் எங்கள் முறை.

உன்னிடம் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் என்ன சொல்வார்கள்? "கண்ண மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்." நீ ஒருநாளும் உரித்ததில்லை, அது வேறு. இங்கே ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து பெற்றவர்களே அடிக்கக் கூடாது என்று சட்டம். செப்டம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தோம். எழுத்தெல்லாம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி, "என் மகள் காலையில் அழுதால் என்ன செய்வீர்கள்?" என்றாள். இன்னொருவர், சண்டை வந்தால் இரண்டு பேர் சொல்வதையும் கேட்பீர்களா என்றார். பாடத்தைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். கவின் வீட்டிலேயே ஒரு தாளை நிரப்பி எடுத்துக்கொண்டு போனான். 'வகுப்பில் கை தூக்குகிறேன்' என்பதற்கு நேரே இருப்பதிலேயே சின்ன வட்டத்துக்கு வண்ணம் அடித்திருந்தான். ஏன் என்று டீச்சர் அவனைக் கேட்டார். "வீட்டுல நல்லாப் பேசுவான், இங்கதான் கூச்சம்" என்று நான் குறுக்கே புகுந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கவினே சொல்லட்டுமே" என்றார். அப்புறம் சும்மா இருந்தார். எவ்வளவு நேரம் என்கிறாய், வெளியே ஒரு டிராம் போய் அடுத்த டிராமே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பென்சில் பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து, கடைசியில் சொன்னான்: "நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற யாராவது சொல்லிடறாங்க." இனிமேல் அவன் மூக்கைத் தொட்டால் அவர் காத்திருப்பாராம், இருவருக்கும் ஒப்பந்தம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம், கவின் நாக்கைக் கடித்துக்கொண்டு.

எனக்கு ஒரு குறை உண்டு. ஐந்து மாதமாகப் பிள்ளை இப்படித் தவிக்கிறான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பள்ளி வாசலில் டீச்சரைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்க முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார், அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். உன்னை நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டில் முருங்கைக்காய்க் கட்டோடு மறித்து, "எம்புள்ள எப்படி டீச்சர்?" என்று கேட்பார்களே, நீயும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பாயே. பிள்ளையிடம் இந்த டீச்சரின் பொறுமை உனக்குக்கூட வராது, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் பெற்றவளிடம் பேசுவதில் நீதான்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் சொல்லிவை. கவினைக் கேள்வி கேட்டுவிட்டு அவரே பதிலையும் சொல்லிவிடுகிறார்.

உன்,
செல்வி