அந்த நாப்பது செகண்டை நான் அழிக்கல

தம்பி,

வர்ற ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் போய் ஒரு வருசம் ஆகுது. அதுக்குள்ள உன் உதார் ராப் பாட்டை மிக்ஸ் பண்ணிக் கொடுன்னு கேட்ட. பண்ணப் போறதில்ல. ஒரு மாசமா இதைச் சொல்லாம இழுத்தடிச்சது என் தப்பு, மன்னிச்சுடு. சொல்லியிருந்தா நீ காது கொடுத்துக் கேட்டிருப்பியா, அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

உதார் விடவே கூடாதுன்னு சொல்ல வரல. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல டிஜே கூல் ஹெர்க் பாட்டு ஓட்டின, ஹிப்-ஹாப் பொறந்ததா சொல்ற அந்த விருந்துலேர்ந்து, கூட்டத்தை உசுப்பேத்துறதுதான் மைக் பிடிக்கிற எம்சியோட வேலை. அங்க கறுப்பினப் பசங்க தெருவுல ஒருத்தனை ஒருத்தன் வாரி விளையாடுற 'டசன்ஸ்'ல, எவனுக்குக் கோவம் வருதோ அவன் தோத்தான். வியாசர்பாடிக்காரனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? கலாய்ச்சா தாங்கறவன்தான் கெத்து. ஆனா உன் பாட்டுல பதில் சொல்ல எதிர்ல ஆளே இல்ல. மூணாவது வரியில நீ வாரற அந்தப் பொண்ணு மட்டும் இருக்கு. யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு பேர் படிக்கிற இடம், இதோட விடுறேன். கானா ஆம்பளைங்க பாட்டுன்னு சொன்ன இதே வடசென்னையிலதான் இசைவாணி பாட வந்தாங்க. 2020ல பிபிசி போட்ட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேர் இருந்துச்சு.

இப்ப எழுத்துக்கு வரேன். 90 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 90 தட்டுல, பதினாறு பார்னா (பாருக்கு நாலு தட்டு) ஏறக்குறைய 43 செகண்ட். அதுக்குள்ள பத்தொன்பது 'நான்'. பதினோரு வரி 'டா'ல முடியுது. தமிழ்ல வினை கடைசியில வர்றதால வந்தேன், நின்னேன், அடிச்சேன்னு இயைபு, அதான் வரிக் கடைசி ஒத்துப்போறது, சும்மாவே வந்து விழும். கேக்கறவன் காது அடுத்த சொல்லை முன்னாடியே பிடிச்சுடும், பன்ச் செத்துடும். எதுகையை வரித் தலையில வை. வினையை நடுவுல போட்டு, ஒரு பொருள் பேர்லயோ தெருப் பேர்லயோ முடி. நாலாவது தட்டுல சொல் விழணும், பின்னால அரைத் தட்டு சும்மா விடணும். நீ மூச்சு விடவே இடம் வைக்கல. அதான் ஆறாவது பார்லயே சொல் உடையுது.

மேடையிலயும் மைக் தலையைக் கையால பொத்தற. பின்பக்கத் துளை அடைஞ்சா அது நாலாபக்கச் சத்தத்தையும் வாங்கும். உன் குரல் டப்பாக்குள்ள போயிடும், ஸ்பீக்கர் ஊளையிடும். கடைசியில திட்டு வாங்குறது சவுண்டுக்காரரு.

குரலோட சுருதியை ரெண்டு செமிடோன் (அரைப்படி) இறக்கினா ஆம்பளைக் குரலா இருக்கும்னு ஆசை காட்டினது நான்தான். அதுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உன் குரலை நானே கெடுத்தேன்.

பதினோராவது டேக்குக்கும் பன்னெண்டாவதுக்கும் நடுவுல ஃபேன் போட்டோமே, ஞாபகம் இருக்கா? மைக் ஓடுறது தெரியாம உங்கண்ணன் பேரைச் சொல்லி கானா முணுமுணுத்த. விரல் நாற்காலிக் கட்டையில டோலக் தட்டுச்சு. மூணாவது அடியில தொண்டை கம்மிப்போச்சு. மூக்கை உறிஞ்சிட்டு, விட்ட இடத்துலேர்ந்தே பிடிச்ச. அதுல ஒரு 'நான்' கூட இல்லடா. அழிச்சுடுண்ணா, பசங்க கேட்டா மானம் போயிடும்னு சொன்ன. சரின்னு தலையாட்டினேன். அழிக்கல. உன்னைக் கேக்காம வெச்சிருந்தது தப்புதான். ஆனா அவனுக்காக நீ அழுததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அவன் எப்படிப் போனான்னு இங்க எழுத மாட்டேன். நம்ம பக்கம் சாவு வீட்டுல விடிய விடிய கானா நடக்கும், தேம்பி அழற ஆம்பளையைப் பாத்து எவனும் சிரிச்சதில்ல. மைக்கைப் பாத்தா மட்டும் உனக்கு ஏன் இந்தப் பயம்?

எனக்குப் பொறாமைன்னு டீக்கடையில சொன்னியாமே. எட்டு மாசம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உன் மூச்சை ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டினது யாரு?

ஃபைல் எல்லாத்தையும் அனுப்பிட்டேன், வேற யார்கிட்ட வேணா மிக்ஸ் பண்ணிக்க. அந்த நாப்பது செகண்ட் தனியா இருக்கு, அவன் பேர்லயே. என்கிட்ட இருந்த காப்பியை இப்ப நீக்கிட்டேன். வெச்சுக்கறதும் அழிக்கறதும் உன் இஷ்டம். ஃபேன் சத்தத்தைக் கூட எடுக்கல. தாளம் ஓடி ஓடி நிக்குது, அதைக் கம்ப்யூட்டர் தாளக் கோட்டுல, அந்தக் கிரிட்ல, இழுத்து நேராக்காத. டோலக் சேக்கணும்னா ஆளை உக்கார வெச்சு, உன் குரலைக் கேட்டுக்கிட்டே வாசிக்கச் சொல்லு.