சிபியு ஃபேன் தவறான இடத்தில், எச்சரிக்கை அணைத்த நிலையில் விற்கப்பட்ட லினக்ஸ் கணினி குறித்த புகார்

அனுப்புநர்
பழைய நூல்களை மின்னூலாக்கும் பணியகம்,
காரைக்குடி.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 20.05.2024

பொருள்: ஜனவரி மாதம் உங்களிடம் வாங்கிய கணினி கடுமையாகச் சூடாவது, உங்கள் வெப்பநிலை காட்டும் செயலி தவறான எண்ணைக் காட்டுவது, நான்கு முறை புகார் செய்தும் சரிசெய்யாதது குறித்து.

ஐயா / அம்மா,

இந்த ஆண்டு ஜனவரியில் ரூ. 84,500 கொடுத்து உங்களிடம் ஒரு கணினி வாங்கினேன். இன்டெல் கோர் ஐ7-12700, 32 ஜிபி ராம், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டே அனுப்பியிருந்தீர்கள். "லினக்ஸில் சோதித்துப் பார்த்துத் தயாரித்தது" என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் பக்கத்துக் கடையில் பத்தாயிரம் குறைவாகக் கிடைத்ததை விட்டுவிட்டு உங்களிடம் வந்தேன்.

என் தொழில் பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, டெஸராக்ட் மென்பொருளில் ஓட்டி, எழுத்தாக மாற்றிப் பிழை திருத்திக் கொடுப்பது. ஓட விட்டால் கணினியின் மூளையான சிபியு மணிக்கணக்கில் முழு வேகத்தில் உழைக்க வேண்டிய வேலை. பிப்ரவரியில் 400 பக்கப் புத்தகம் ஒன்று ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. ஏப்ரலில் அதே அளவுப் புத்தகத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏப்ரல் 18-ஆம் தேதி மதியம் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்துவிட்டது. 26-ஆம் தேதி மறுபடியும். அன்று போனது பாதி நாள் உட்கார்ந்து திருத்திய பக்கங்கள். புத்தகம் இரவல் வாங்கியது; தொட்டாலே ஓரம் உதிர்கிற தாள். மறுபடி ஸ்கேன் எடுக்க அதை இன்னொரு முறை விரித்து வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்றே உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். தொலைவிலிருந்து என் திரையைப் பார்த்த உங்கள் பொறியாளர், நீங்களே நிறுவிக் கொடுத்த "நலம் காட்டும்" செயலியைத் திறந்தார். 27.8 டிகிரி, பச்சை நிற டிக். "சார், மெஷின் ஜில்லுன்னு இருக்கு. பிரச்சினை உங்க கரண்ட்ல" என்று சொல்லி முடித்துவிட்டார்.

என் அறைச் சுவரில் மருந்துக்கடையில் வாங்கிய ஒரு வெப்பமானி தொங்குகிறது. அந்த நேரத்தில் அது 36 டிகிரி காட்டியது. 36 டிகிரி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, முழு வேகத்தில் ஓடுகிற ஒரு சிபியு எப்படி 27.8 டிகிரியில் இருக்கும்? பெட்டியின் பின்பக்கக் கம்பி வலையில் கை வைத்தேன். இட்லிச் சட்டி மூடியைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. இதை அவரிடமும் சொன்னேன். சென்சார் பொய் சொல்லாது என்றார்.

சென்சார் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். உங்கள் செயலிதான் சென்சாரைப் படிக்கவே இல்லை. அது எழுதப்பட்டிருக்கும் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தருகிற வெப்ப மண்டலங்களில் (வெப்பநிலை எண் வரும் இடங்களில்) முதலாவதை, அதாவது பூஜ்ய எண் கொண்டதை, படித்து ஆயிரத்தால் வகுத்துக் காட்டுகிறது. என் கணினியில் அந்த மண்டலத்தின் வகைப் பெயர் ஏசிபிஐடிஇசட். அது மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் கொடுக்கிற எண். பல மதர்போர்டுகளில் அதன் பின்னால் உண்மையான அளவி எதுவும் இருக்காது, ஒரே எண் நிலையாக எழுதப்பட்டிருக்கும். காலை ஆறு மணிக்கு 27.8, மதியம் இரண்டு மணிக்கு 27.8, புத்தகம் ஓடும்போதும் 27.8, கணினியை இரவு முழுக்க அணைத்து வைத்துப் போட்டவுடனும் 27.8. மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்தேன். ஒரு முறைகூட அசையவில்லை. அசையாத ஒரு எண்ணுக்குப் பச்சை டிக் போடும் செயலியை வைத்துத்தான் நீங்கள் என் புகாரை மூடினீர்கள்.

அப்புறம் அளவிகளைப் படிக்க உதவும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, சென்சார்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தேன். சிபியுவுக்குள்ளேயே இருக்கும் அளவியை, அதோடு பேசுவதற்கென்றே கெர்னலில் உள்ள கோர்டெம்ப் டிரைவர் படித்துக் காட்டியது: சும்மா இருக்கும்போது 52, புத்தகம் ஓடும்போது 98, சில நொடிகள் 100. இந்த சிபியுவுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கெர்னல் பதிவைப் பார்த்தால், வெப்பம் வரம்பைத் தாண்டியதால் கடிகார வேகம் குறைக்கப்பட்டது என்ற வரி பக்கம் பக்கமாக இருக்கிறது. ஐம்பது நிமிட வேலை இரண்டு மணி நேரம் ஆனதன் காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அணைந்த இரண்டு நாளிலும் பதிவில் முறையாக நிறுத்திய அடையாளம் எதுவும் இல்லை. வரிகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. மின்சாரம் காரணமில்லை. யுபிஎஸ்ஸில் இணைத்த ஸ்கேனரும் இன்னொரு பழைய கணினியும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இதையெல்லாம் ஏப்ரல் 29 அன்று மின்னஞ்சலில் அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: "லினக்ஸில் சென்சார்கள் சரியாகக் காட்டாது, விண்டோஸ் நிறுவிப் பார்க்கவும்." லினக்ஸுக்காகவே என்று சொல்லி விற்ற நிறுவனத்திடமிருந்து இப்படி ஒரு பதில் வந்தது என்னை மிகவும் வருத்தியது. அந்தக் கெர்னலில் உள்ள வெப்ப அளவி டிரைவர்களை எத்தனையோ பேர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் தொழில் செய்கிறோம்.

மே 6 அன்று செயலியின் புதிய பதிப்பை அனுப்பினீர்கள். அதற்கு நன்றி சொல்லியே இந்தப் பத்தியைத் தொடங்க விரும்பினேன். முதல் நாள் 96 டிகிரி என்று காட்டியது. ஒருவழியாக உண்மை திரைக்கு வந்ததே என்று நினைத்தேன். மறுநாள் கணினியைப் போட்டதும் 41. உள்ளே பார்த்தால், இப்போது கெர்னல் அளவிகளை எண் போட்டு வரிசைப்படுத்தும் ஹெச்டபிள்யூமான் அடைவில் மூன்றாம் எண் கொண்டதைப் படிக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்கள் நிலையானவை அல்ல. டிரைவர்கள் எந்த வரிசையில் ஏறுகின்றனவோ அதைப் பொறுத்து ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் மாறலாம். அன்று மூன்றாம் எண் என்விஎம்இ டிஸ்க்குக்குப் போய்விட்டது. நீங்கள் காட்டிய 41 டிகிரி டிஸ்க்கின் வெப்பம். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் பெயர் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் கோர்டெம்ப் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படித்தால் இந்தத் தவறு வராது. நான்கைந்து வரி வேலைதான். திருத்திய ஸ்கிரிப்டை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன், எந்தக் கட்டணமும் வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, செயலி ஒரு பக்கம் இருக்கட்டும். கணினி ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

சிபியு ஃபேன் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றுகிறது என்று பார்க்க நினைத்தேன். சென்சார்ஸ் கட்டளையில் ஃபேன் வரியே இல்லை. சென்சார்ஸ்-டிடெக்ட்டை ஓட்டினால், மதர்போர்டில் ஃபேன் வேகத்தை அளக்கும் நுவோட்டான் என்சிடி6798டி சிப் இருப்பதாகவும், அதற்கு என்சிடி6775 டிரைவர் வேண்டும் என்றும் சொன்னது. அந்த டிரைவரோ ஏற மறுத்தது. கெர்னல் பதிவில் காரணம் இருந்தது: சிப்போடு பேசும் முகவரிகளை பயாஸில் வன்பொருளை நிர்வகிக்கும் ஏசிபிஐ பகுதி தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்தச் சிப்பைத் தொட்டால் தப்பான எண்கள் வரலாம் என்பதால் கெர்னல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்கிறது. தடையைத் தளர்த்த ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்ஸஸ் என்ற கெர்னல் அமைப்பை லாக்ஸ் என்று மாற்றலாம். அதை நிரந்தரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் திரையில் ஒரே ஒரு முறைக்கு மட்டும் சேர்த்துக் கணினியைப் போட்டேன். இப்போது டிரைவர் ஏறியது, ஃபேன் வரிகள் வந்தன.

சிபியு ஃபேனுக்கு உரிய வரியில் 0 ஆர்பிஎம். கேபினெட் ஃபேனுக்கு உரிய முதல் வரியில் 780.

பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். சிபியுவின் மேல் இருக்கும் கூலரின் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் வயரைப் பின்தொடர்ந்து பார்த்தால், கூலருக்குப் பக்கத்திலேயே சிபியு ஃபேன் என்று அச்சடித்த நான்கு பின் ஹெடர் (ஃபேன் வயரைச் செருகும் இடம்) காலியாக நிற்கிறது. வயர் அதைத் தாண்டிப் போய், கேபினெட் ஃபேனுக்கான முதல் ஹெடரில் செருகியிருக்கிறது. அந்த ஹெடர் மதர்போர்டின் வெப்பத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் சிபியு 52-லிருந்து 98-க்கு ஏறும்போது ஃபேன் 780-லிருந்து 810-க்கு மட்டுமே ஏறுகிறது. வீடு பற்றி எரியும்போது திண்ணையில் தண்ணீர் தெளித்த கதைதான்.

ஊகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே அமர்வில், அந்த ஹெடரின் பிடபிள்யூஎம் என்ற ஃபேன் வேகக் கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றி, முழு அளவான 255-ஐ எழுதினேன். கண் முன்னால் கூலர் ஃபேன் இரைந்து சுற்றத் தொடங்கியது. புத்தகம் ஓடிக்கொண்டே இருந்தது. 98 டிகிரி நான்கு நிமிடத்தில் 76-க்கு இறங்கியது. பழையபடி தானியங்கிக்கு மாற்றினேன், மறுபடி 98. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். ஃபேனும் நல்ல ஃபேன், கூலரும் நல்ல கூலர். வயர் மட்டும் இடம் மாறிவிட்டது.

வேலை நெருக்கடியில் வயரை மாற்றிச் செருகிவிடுவது யாருக்கும் நடக்கும். இதை என்னால் மன்னிக்க முடிகிறது. ஆனால் சிபியு ஃபேன் ஹெடர் காலியாக இருந்தால் இந்த வகை மதர்போர்டுகள் கணினி போடும்போதே ஃபேன் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். என் கணினி ஏன் ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை? பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். கண்காணிப்புப் பக்கத்தில் சிபியு ஃபேன் வேகம் என்ற இடத்தில் "இக்னோர்" (கண்டுகொள்ளாதே) என்று வைக்கப்பட்டிருக்கிறது. நான் பயாஸுக்குள் போனது அதுதான் முதல் முறை. ஆக, உங்கள் தயாரிப்பு இடத்தில் அந்தப் பிழைச் செய்தி வந்திருக்கிறது. யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து வயரைச் சரிசெய்வதற்குப் பதிலாக எச்சரிக்கையை அணைத்து அனுப்பியிருக்கிறார். என்னை உண்மையில் கோபப்படுத்துவது இதுதான். அந்தச் செய்தி வந்திருந்தால் முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கும்.

மே 13 அன்று இந்த அளவீடுகளைத் தொலைபேசியில் விளக்கினேன். அதே பட்டியலில் ஆக்ஸ்டின் என்ற ஒரு வரி 127 டிகிரி காட்டுகிறதே, அதனால் மொத்தப் பட்டியலையும் நம்ப முடியாது என்று உங்கள் பொறியாளர் மறுத்துவிட்டார். எந்த அளவியும் இணைக்காத உள்ளீடு அப்படித்தான் காட்டும். மதர்போர்டு தயாரிப்பாளர் வயரே கொடுக்காத இடம் அது. 127 வருவதை வைத்து மற்ற வரிகளைத் தள்ளுவது, காலியாகக் கிடக்கும் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்பதற்காகத் தெருவில் ஆளே இல்லை என்று சொல்வதைப் போன்றது.

நானே வயரை மாற்றிச் செருக இரண்டு நிமிடம் போதும். ஆனால் பெட்டியின் திருகின் மேல் "பிரித்தால் உத்தரவாதம் செல்லாது" என்ற உங்கள் சீல் இருக்கிறது. இப்போதைக்குச் சிபியுவின் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்து, இரவில் மட்டும் வேலையை ஓட்டுகிறேன். பணம் கொடுத்தது முழு வேகத்துக்கு.

நான் கேட்பவை இவை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் ஆள் ஒருவர் நேரில் வந்து வயரை உரிய ஹெடருக்கு மாற்றி, பயாஸில் ஃபேன் எச்சரிக்கையைத் திரும்பப் போட்டு, என் முன்னால் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆள் அனுப்ப முடியாவிட்டால், சீலைப் பிரித்து நானே மாற்றிக்கொள்ளலாம், உத்தரவாதம் தொடரும் என்று எழுத்தில் தாருங்கள், மின்னஞ்சல் போதும். நான்கு மாதம் 100 டிகிரியில் வெந்த சிபியுவுக்கும் மதர்போர்டுக்கும் உத்தரவாதத்தை ஓர் ஆண்டு நீட்டித்துத் தர வேண்டும். செயலியைத் திருத்தி, அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது என் வீட்டுக் கணினியோடு நிற்கும் விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே வாரத்தில் அதே மேசையில் கட்டிய பிற கணினிகளின் வரிசை எண்கள் உங்களிடம் இருக்கும். அவற்றை வாங்கியவர்களில் பலருக்குக் கெர்னல் பதிவைப் படிக்கத் தெரிந்திருக்காது. வெயிலால் கணினி மெதுவாகிவிட்டது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து அவர்களை நீங்களே அழைத்து, சிபியு ஃபேன் ஹெடரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

ரசீது நகல், மூன்று நாள் வெப்பநிலைப் பதிவு, கெர்னல் பதிவின் உரிய பகுதிகள், காலி ஹெடரின் படம், பயாஸ் திரையின் படம், திருத்திய ஸ்கிரிப்ட் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் பணியகம் திறந்திருக்கும். வருபவர் நான்கு பின் நீட்டிப்பு வயர் ஒன்றையும் கையோடு கொண்டு வந்தால் நல்லது. கூலரின் வயர் எட்டாமல் போனால் இன்னொரு முறை அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.