அம்மாட 31ம் நாள்: எங்களோட நின்ட எல்லாருக்கும்

நாளைக்கு செவ்வாய்க்கிழமை, அம்மா போய் 31ம் நாள். தனித்தனியா கோல் எடுத்து சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறன்.

சேதி கேட்ட உடனே யாரும் சொல்லாமலே ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டின தம்பிமார், மாதம்பிட்டி மயானம் வரைக்கும் மழையில நனைஞ்சு வந்த சொந்தக்காரர், வெளிநாட்டுல இருந்து விடிய விடிய போன்ல கதைச்சவங்க, எல்லாருக்கும் நன்றி. எதிர்வீட்டு நானா குடும்பம் மூணு நாளும் எங்கள அடுப்பு மூட்டவே விடல. கீழ்வீட்டு சிங்கள அக்காவ நான் சாகும்வரை மறக்கமாட்டன், எட்டு நாளும் செபமாலைக்கு வந்து பாயில இருந்தா, நாங்க தமிழ்ல அருள் நிறைந்த மரியே சொல்ல அவ சிங்களத்துல பதில் சொல்லுவா, ரெண்டும் ஒண்டா கேக்கேக்க அழுகை கொஞ்சம் அடங்கும்.

ஒண்டு மனசு விட்டு சொல்லணும். அம்மாட சுகத்துக்கு கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்து போனன். எட்டு முடிஞ்சிது, ஒன்பதாவதுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க ஞாயித்துக்கிழமை அம்மா போயிட்டா. அதுக்குப் பிறகு கோயில் பக்கம் திரும்பவே மனசில்ல, அவ்வளவு கோவம். மூணாவது கிழமை மாமி வந்து "ஒண்டும் கேக்க வேணாம் பிள்ள, சும்மா வந்து இரு" எண்டு கைய பிடிச்சு கூட்டிட்டு போனா. மாமி, அந்த கைக்கு தான் பெரிய நன்றி.

அங்க இருக்கேக்க 2019 ஞாபகம் வந்திச்சு. ஏப்ரல் 21 ஈஸ்டர் அண்டு குண்டு வெடிச்சு கோயில் பூட்டிக் கிடந்திச்சு, ஜூன் 12 தான் திரும்ப திறந்து அர்ச்சிச்சாங்க. அதுவரைக்கும் அம்மா ஒரு செவ்வாயும் விடாம போய் தடுப்புக்கு வெளிய ரோட்டுல நிண்டு மெழுகுதிரி கொளுத்துவா, காத்துக்கு அணைய அணைய கைய குவிச்சு பிடிச்சு திரும்ப கொளுத்துவா. ஏன் இந்த பயத்துல போறீங்க எண்டு நான் ஏசினா, "கதவு பூட்டினா அவருக்கு கேக்காதா" எண்டுவா.

அண்டைக்கு அம்மாட பேர்ல ஒரு திரி கொளுத்தினன். கவல போகல, ஆனா அம்மா ஆண்டவர்கிட்ட பத்திரமா இருக்கா எண்டு முதல் தரம் நம்பினன், அந்த ராத்திரி நித்திரையும் வந்திச்சு.

நாளைக்கு கோயில்ல பூசை, பின்னேரம் வீட்டுல செபமாலை. எல்லாரும் கட்டாயம் வாங்க, அம்மாக்கு பிடிச்ச கட்லட்டும் ப்ளேன்டீயும் இருக்கும்.