பாலத்தோடு திரும்பிவிடாதே

கண்ணு,

நீண்ட விடுமுறைக்கு ஆபீஸ் நண்பர்களோடு காஞ்சனபுரி போகப்போவதாகச் சொன்னாய், சந்தோஷம். ஆனால் டவுனில் குவே ஆற்றின் மேல் இருக்கிற அந்த ரயில் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே பேங்காக் திரும்பிவிடாதே. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட பர்மா ரயில் பாதை வேலையில் நம் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தது அதற்கும் மேலே, ஆற்றோரக் காட்டு முகாம்களில். சாய் யோக் வரை போ.

சாய் யோக் அந்த மாகாணத்தில் ஒரு மாவட்டம், அங்கே அம்போ என்பார்கள். அதற்குக் கீழே தம்போன் என்கிற 7 உட்பிரிவுகள். மேற்கே பர்மா எல்லை. சங்க்லாபுரி பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் குவே நொய் ஆறு மாவட்டத்தின் நீளத்துக்கும் ஓடி, காஞ்சனபுரி டவுனில் குவே யாயோடு சேர்ந்து மே குலோங் ஆகிறது. ஜப்பான்காரன் பாதை போட இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததற்கே இந்த ஆறுதான் காரணம். ஆற்றை ஒட்டியே போனால் மூன்று பகோடா கணவாய் வழியாகப் பர்மாவுக்குள் நுழையலாம், அரிசியும் சாமானும் படகில் மேலே கொண்டுபோகலாம். 1942இல் ஆரம்பித்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1943 அக்டோபரிலேயே இணைத்துவிட்டார்கள். அந்த வருஷ மழைக்காலத்தில் முகாம்களில் காலரா வந்தது. ஜப்பான்காரன் பிடித்து வேலை வாங்கிய வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்காவது தங்களுக்குள்ளேயே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்களுக்கு அதுவும் இல்லை.

உன் பாட்டியின் அப்பாவும் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. எந்த முகாம் என்றுகூட யாருக்கும் தெரியாது. போர்க்கைதிகளில் 12,000க்கு மேல் செத்தார்கள், அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள், சரியான கணக்கை யாரும் வைக்கவே இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இப்போது டவுனில் வாட் தாவோன் கோயிலில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள், முதலில் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுக் கிளம்பு.

அப்புறம் நாம் தொக் என்கிற ஊருக்குப் போகும் சாதாரண ரயிலில் ஏறி இடது பக்கம் உட்கார். தாம் கிரசேயில் பாறையை உரசிக்கொண்டு மரக்கால்கள் மேல் ரயில் மெதுவாகப் போகும், கீழே ஆறு. வழியில் முவாங் சிங்கில் கம்போடியாவின் கெமர் அரசர்கள் காலத்துச் செம்புறாங்கல் கோயில் ஒன்று உண்டு, ஏறக்குறைய 800 வருஷப் பழசு, நேரமிருந்தால் இறங்கிப் பார். நாம் தொக்கிலிருந்து வண்டி பிடித்து ஹெல்ஃபயர் பாஸ் போ. ரயில் பாதைக்காக மலையைப் பிளந்த இடம் அது. ஒருவர் உளியைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடித்த துளைகள் பாறைச் சுவரில் இன்னும் நேர்க்கோடாகத் தெரியும், கையை வைத்துப் பார்.

அங்கிருந்து பாட்டிக்கு வீடியோ கால் போடு. அவராகக் கேட்க மாட்டார், நீயாகக் காட்டு. சிக்னல் இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு வந்தாவது கூப்பிடு, அன்றைக்குச் சீக்கிரம் படுக்க வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன்.

அம்மா